பட்டியல் முழுக்க மனப்பாடம், மார்க் மட்டும் ஏறவில்லை!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத் தேர்வு பற்றித்தான். அதிலும் பி2 மட்டம், அதாவது பேச, எழுத ஓரளவு நன்றாகவே வரும், ஆனால் சரளம் என்று மார்தட்ட முடியாது என்ற நிலையில் இருப்பவர்களின் புலம்பல். எல்லாக் கடிதத்துக்கும் இடம் போதாது, சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், நான் பி.காம். முடித்துவிட்டு கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வுக்குத் தயாராகிறேன். கோச்சிங்கில் 3,000 சொற்கள் உள்ள பட்டியல் கொடுத்தார்கள், எதிரே தமிழ் அர்த்தத்தோடு. ராப்பகலாக உட்கார்ந்து முக்கால்வாசி மனப்பாடம் செய்துவிட்டேன். மாதிரித் தேர்வில் 'யூஸ் ஆஃப் இங்கிலீஷ்' பகுதியில் பாதி மார்க்கூட வரவில்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா?
— வாசகி, கரூர்

பதில்: முக்கால்வாசி என்றால் 2,000 சொல்லுக்கு மேல் ஆகிறது. அத்தனையையும் மண்டையில் ஏற்றிக்கொண்ட உங்களுக்கு ஞாபக சக்தி குறைவு என்றால், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடும் என்னை என்னவென்று சொல்வது? கோளாறு உங்களிடம் இல்லை, அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' என்று 'யூஸ் ஆஃப் இங்கிலீஷ்' பகுதி நேராக ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

வினாத்தாளையே எடுத்துப் பார்ப்போம். வாசிப்பும் யூஸ் ஆஃப் இங்கிலீஷும் சேர்ந்த தாள் 75 நிமிடம், 7 பகுதி, 52 கேள்வி. முதல் நான்கு பகுதிதான் உங்களைக் கவிழ்த்தது.

பகுதி 1-இல் எட்டு கோடிட்ட இடம், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள் கொடுத்திருப்பார்கள். இந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'தி கமிட்டி ஃபைனலி ____ எ டிசிஷன்.' கொடுத்த சொற்கள் ரீச்ட், அரைவ்ட், கெய்ன்ட், அச்சீவ்ட். உங்கள் பட்டியலைத் திறந்தால் நான்குக்கும் எதிரே 'அடைந்தது', 'எட்டியது', 'பெற்றது' என்றுதான் இருக்கும். நான்கும் சரி போலத் தோன்றும், அங்கேதான் பொறி. விடை 'ரீச்ட்'. 'அரைவ்ட்' வரவேண்டுமானால் பின்னாலேயே 'அட்' என்ற வால் வேண்டும், இங்கே அது இல்லை. மற்ற இரண்டும் 'டிசிஷன்' என்ற சொல்லோடு சேராது. ஏன் சேராது என்று கேட்டால் பதில் கிடையாது, சேராது, அவ்வளவுதான்.

இது ஏதோ ஆங்கிலேயர்களின் கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். நாமும் அப்படித்தான். கமிட்டி முடிவு எடுத்தது என்போம், முடிவுக்கு வந்தது என்போம். யாராவது 'கமிட்டி முடிவடைந்தது' என்று சொன்னால் கமிட்டியையே கலைத்துவிட்டார்களோ என்று தோன்றும். காய்ச்சல் அடிக்கும், பசி எடுக்கும், தூக்கம் வரும். பூவைப் பறிப்போம், கீரையை ஆய்வோம், புளியம்பழத்தை உலுக்குவோம், மாவை ஆட்டுவோம். இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, ஜோடியாகக் கேட்டுக் கேட்டு வந்தது. அதே மாதிரி அங்கே மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', டிராஃபிக் 'ஹெவி', காபி 'ஸ்ட்ராங்'. இடம் மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் மார்க் போய்விடும்.

பகுதி 2-இலும் எட்டு கோடிட்ட இடம், ஆனால் தேர்ந்தெடுக்கச் சொற்களே தரமாட்டார்கள். அங்கே வரவேண்டியதெல்லாம் பெரும்பாலும் பொடிச் சொற்கள், 'டிபெண்ட்' என்றால் 'ஆன்', 'கேபபிள்' என்றால் 'ஆஃப்', இப்படி. 3,000 சொல் பட்டியலில் 'ஆன்' என்ற சொல்லுக்கு யார் அர்த்தம் எழுதுவார்கள்?

பகுதி 3 சொல் குடும்பம். ஒரு வேர்ச்சொல் தருவார்கள், வாக்கியத்துக்கு ஏற்ற வடிவத்தை நீங்கள் எழுத வேண்டும். 'டிஸ்பைட் மன்த்ஸ் ஆஃப் ப்ராக்டிஸ், ஹி வாஸ் ____ இன் தி இன்டர்வியூ' என்று இருந்து, ஓரத்தில் 'சக்சஸ்' என்று போட்டிருந்தால் பாதிப் பேர் யோசிக்காமல் 'சக்சஸ்ஃபுல்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். முன்னால் 'டிஸ்பைட்' நிற்கிறதே, 'பல மாதம் பழகியும்' என்றல்லவா வாக்கியம் ஆரம்பிக்கிறது, அப்படியானால் தோற்றுத்தானே இருப்பான்? 'அன்சக்சஸ்ஃபுல்' என்று எழுதினால்தான் மார்க். இந்தப் பகுதியில் வாக்கியத்தை முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

பகுதி 4-ஐத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், எனக்கென்னவோ அதுதான் மிகவும் நியாயமான பகுதி. ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், பாதி சரியாக இருந்தாலும் ஒரு மார்க் உண்டு. 'ஐ லாஸ்ட் சா ஹிம் ஃபைவ் இயர்ஸ் அகோ' என்று ஒரு வாக்கியம். அதே பொருள் வருகிற மாதிரி 'ஐ ____ ஃபைவ் இயர்ஸ்' என்பதை நிரப்ப வேண்டும், 'ஃபார்' என்ற சொல்லை மாற்றாமல் பயன்படுத்த வேண்டும், மொத்தம் இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள். விடை 'ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார்'. எண்ணிப் பார்த்தால் நான்கு மாதிரி தெரியும், ஆனால் 'ஹேவன்ட்' போன்ற சுருக்கம் அங்கே இரண்டு சொல் கணக்கு, ஆக ஐந்து. என்னிடம் படித்த ஒரு பையன் 'ஹிம்' என்ற இடத்தில் 'மை அங்கிள்' என்று மரியாதையாக எழுதி ஆறாக்கிவிட்டான்.

சரி, இப்போது என்ன செய்வது? பட்டியலைக் குப்பையில் போட வேண்டாம், அதிலிருந்து அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு 500 சொல்லை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம். 'டிசிஷன்' என்றால் அதற்கு முன்னால் யார் வருவார்கள் (மேக், டேக், ரீச்), பின்னால் என்ன வால் (ஆன், அபவுட்), குடும்பத்தில் யார் யார் (டிசைட், டிசைசிவ், இன்டிசைசிவ், அன்டிசைடட்), கடைசியில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். தமிழ் அர்த்தம் ஓரமாகச் சின்னதாக இருக்கட்டும். இன்னும் 2,000 புதுச் சொல் படிப்பதைவிட, படித்த 500-க்கு அக்கம்பக்கம் தெரிந்துகொள்வதுதான் உங்கள் மார்க்கை நகர்த்தும்.

கேள்வி: பி2-க்கு மொத்தம் எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்? ஒருத்தர் 4,000 என்கிறார், யூடியூபில் 10,000 என்கிறார்கள். அதிகாரப்பூர்வமான பட்டியல் எங்கே கிடைக்கும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கீழ் மட்டங்களான ஏ2 கீ, பி1 ப்ரிலிமினரி ஆகியவற்றுக்குக் கேம்பிரிட்ஜ் சொல்பட்டியல் வெளியிடுகிறது. பி2 ஃபர்ஸ்டுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆகவே 'அதிகாரப்பூர்வ பி2 பட்டியல்' என்று யாராவது பி.டி.எஃப். விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கைச் சண்டைக்குக் காரணம், எதை ஒரு சொல் என்று எண்ணுகிறோம் என்பதுதான். டிசைட், டிசைட்ஸ், டிசைடட், டிசிஷன் எல்லாம் ஒன்றா, நான்கா? ஒரு குடும்பமாக எண்ணினால் தொகை சுருங்கும், தனித்தனியாக எண்ணினால் ஊதிப் பெருக்கும். பட்டியல் என்றால் உருப்படியானவை இரண்டு உண்டு. வங்காளத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1953-இல் கொடுத்த சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் ஒன்று. சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் இவைதான் திரும்பத் திரும்ப வரும். நியூசிலாந்தின் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-இல் வெளியிட்ட, கல்லூரிப் பாடங்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள் இன்னொன்று. இவை இரண்டையும் நான் மேலே சொன்ன மாதிரி ஜோடியோடும் வாலோடும் படித்தாலே கைக்கு வேலை நிறைய இருக்கும். அப்புறம் 'இங்கிலீஷ் வொகாபுலரி ப்ரொஃபைல்' என்று கேம்பிரிட்ஜின் இலவச இணையத் தேடல் ஒன்று இருக்கிறது. ஒரே சொல்லின் ஒவ்வொரு அர்த்தமும் எந்த மட்டம் என்று பிரித்துக் காட்டும், போய்ப் பாருங்கள்.

கேள்வி: புட் ஆஃப், புட் அப், புட் அப் வித், புட் அவுட்... தலை சுற்றுகிறது டீச்சர். 'புட்' என்றால் வை. அவ்வளவுதானே? எதற்கு இத்தனை வால்?
— வாசகர், மணப்பாறை

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு பிளேட் முறுக்கு வாங்கித் தரலாம், ஆனால் மணப்பாறைக்காரருக்கே முறுக்கா!

தம்பி, கொஞ்சம் திருப்பி யோசியுங்கள். தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் 'விட்டுக்கொடு' என்பதைக் கேட்கிறார். 'விடு' அவருக்குத் தெரியும், 'கொடு' தெரியும். இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது? ஒன்றும் வராது. 'கண்டுபிடி' என்றால் பார்த்துப் பிடிப்பதா? 'ஏற்றுக்கொள்', 'தட்டிக்கழி', 'பார்த்துக்கொள்'... அவருக்கும் இதே தலைசுற்றல்தான். நாம் இரண்டு வினையைக் கோத்துப் புது அர்த்தம் செய்கிறோம், அவர்கள் வினைக்குப் பின்னால் ஒரு பொடிச் சொல்லை ஒட்டிச் செய்கிறார்கள்.

இது தெரிந்ததும் என் வகுப்பில் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தேன். ஒற்றைச் சொல் அர்த்தம் எழுதாமல், தமிழிலும் கூட்டு வினையாகவே எழுதச் சொன்னேன். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. பாருங்கள், நம்மிடமும் 'போடு' வந்துவிட்டது! 'புட் அப் வித்' பொறுத்துக்கொள். 'கிவ் இன்' விட்டுக்கொடு, இதிலும் 'கொடு' அப்படியே நிற்கிறது. 'ஃபைண்ட் அவுட்' கண்டுபிடி, 'லுக் ஆஃப்டர்' பார்த்துக்கொள், 'ரன் அவுட் ஆஃப்' தீர்ந்துபோ, 'கெட் ஓவர்' மீண்டுவா. எல்லாவற்றுக்கும் இப்படி அச்சுப் பிசகாமல் அமையாது. 'புட் அவுட்' என்றால் தீயை அணை, ஒரே வினைதான். ஆனால் அமைகிறவற்றை முதலில் பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும். அகராதியில் 'புட்'டின் கீழே இருக்கிற முப்பதையும் ஒரே நாளில் படிக்காதீர்கள், ஒன்றோடொன்று குழம்பிக் கஞ்சியாகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு போதும், அதுவும் வேறு வேறு வினையாக இருக்கட்டும்.

கேள்வி: எழுத்துத் தாளில் 'ப்ளெத்தோரா', 'மிரியட்' மாதிரி கனமான சொற்களைப் போட்டால் மார்க் கூடுமா?
— வாசகி, ஓசூர்

பதில்: கூடாது. பி2 ஃபர்ஸ்டில் 80 நிமிடத்தில் ஒரு கட்டுரையும், மின்னஞ்சல் மாதிரி இன்னொன்றும் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 140 முதல் 190 சொல். நான்கு விஷயம் பார்க்கிறார்கள், அதில் மொழி ஒன்றே ஒன்றுதான். நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'எ ப்ளெத்தோரா ஆஃப் ஸ்நாக்ஸ்' என்று எழுதினால், இடத்துக்குத் தக்க பேசத் தெரியவில்லை என்று இன்னொரு பக்கத்திலும் மார்க் போகும். டீக்கடையில் நின்றுகொண்டு 'ஐயன்மீர், தேநீர் அருள்க' என்று கேட்கிற மாதிரி. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாளில் சொல்வளத்துக்கென்று கால் பங்கு மார்க் தனியாக உண்டு, உண்மைதான், ஆனால் அங்கேயும் பார்ப்பது சொல் பொருத்தமாக விழுந்திருக்கிறதா என்பதைத்தான்.

கேள்வி: படித்த சொல் நாலு நாளில் மறந்துபோகிறது. அங்கி ஆப் நல்லதா, நோட்டு நல்லதா?
— வாசகர், தேனி

பதில்: நாலு நாள் தாங்குகிறதே, சந்தோஷப்படுங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். படித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கழன்றுவிடுகிறது. ஆனால் மறக்கப் போகிற சமயம் பார்த்து மறுபடி தொட்டால் அடுத்த முறை இன்னும் நீண்ட நாள் நிற்கும். இதை வைத்து 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பெட்டி முறை ஒன்றைச் சொன்னார், அதன் கம்ப்யூட்டர் வாரிசுதான் அங்கி. தமிழில் அங்கி என்றால் சட்டை, ஜப்பானிய மொழியில் மனப்பாடம். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

ஆப்பில் உட்கார்ந்தால் வாட்ஸ்அப்புக்குத் தாவிவிடுவேன் என்கிறவர்களுக்கு நான் சொல்வது சாக்பீஸ் டப்பா. காலி டப்பா ஐந்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டிய சீட்டுகள். புதுச் சீட்டெல்லாம் முதல் டப்பாவில், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த டப்பாவுக்கு நகரும், இரண்டாவதை இரண்டு நாளுக்கொரு முறை, மூன்றாவதை நாலு நாளுக்கொரு முறை, கடைசி டப்பாவை மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். தப்பாகச் சொன்ன சீட்டு எந்த டப்பாவில் இருந்தாலும் இரக்கமில்லாமல் முதல் டப்பாவுக்கே திரும்ப வேண்டும். பரமபதத்தில் பாம்பு கடித்த கதைதான்.

ஆப்போ டப்பாவோ, சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ் என்று எழுதினால் கரூர்க்கார அக்காவின் கதிதான் உங்களுக்கும். கோடிட்ட வாக்கியமாக எழுதுங்கள். 'மை பிரதர் இன்சிஸ்டட் ____ பேயிங் தி பில்' என்று முன்பக்கம், 'ஆன்' என்று பின்பக்கம். தேர்வு எப்படிக் கேட்குமோ, சீட்டும் அப்படியே கேட்கட்டும்.

கேள்வி: பேச்சுத் தேர்வில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறேன். அப்புறம் நம் ஊர் இங்கிலீஷ் பேசினால் மார்க் குறைப்பார்களா?
— வாசகி, ராஜபாளையம்

பதில்: இரண்டு கேள்வி கேட்டுவிட்டீர்கள். முதலாவது: இரண்டு பேர் சேர்ந்து 14 நிமிடம் பேசும் தேர்வு அது. நடுவில் ஆளுக்கு இரண்டு புகைப்படம் கொடுத்து ஒப்பிட்டு ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். படத்தில் இருக்கும் பொருளின் பெயர் வரவில்லையா, விடுங்கள், சுற்றிவளைத்துச் சொல்லுங்கள். வீட்டில் பழகிக்கொள்ள நல்ல இடம் சமையலறை. அரிவாள்மனையை ஆங்கிலத்தில் விளக்குங்கள் பார்க்கலாம்: தரையில் உட்கார்ந்து பயன்படுத்துவது, கத்தி நிலையாக நிற்கும், காய்தான் நகரும். அடுத்து இடியாப்ப உரல், முறம், பருப்பு மத்து. தினம் ஒன்று என்று ஒரு மாதம் செய்தால் 'இது எதற்குப் பயன்படும், எதனால் ஆனது, எந்த மாதிரி இருக்கும்' என்ற வாக்கியங்கள் நாக்கில் உட்கார்ந்துவிடும். பேர் தெரியாமலே பேசத் தெரிவதும் ஒரு திறமைதான், அதற்கு மார்க் உண்டு.

இரண்டாவது: உச்சரிப்பு நம் ஊர்ச் சாயலில் இருந்தால் பரவாயில்லை, புரிந்தால் போதும். வம்பு அர்த்தம் மாறுகிற இடங்களில்தான். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்றால் நமக்குப் படிப்பு முடிந்தது, இங்கிலாந்துக்காரருக்கு நீங்கள் மயக்கம் போட்டு விழுந்தீர்கள். 'ஹோட்டலில் சாப்பிட்டேன்' என்றால் அவர்கள் தங்கும் விடுதியை நினைப்பார்கள். கேள்வி கேட்க நினைத்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நீங்கள் சந்தேகப்படுவதாகப் படும். 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' மட்டும் போதும், அங்கே வால் கிடையாது. 'ப்ரீபோன்' மட்டும் எனக்குப் பிடித்த சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தாலும் தேர்வறையில் ரிஸ்க் எடுக்காதீர்கள்.

கேள்வி: ரீச்சர், நான் வாற வருசம் லண்டனில டிகிரி படிக்கப் போக யோசிச்சிருக்கிறன். பி2 ஃபர்ஸ்ட் எடுத்தால் விசாவுக்குக் காணுமோ?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள், தங்கச்சி. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவுக்குக் கேட்கும் ஆங்கில மட்டம் பி2தான், ஆனால் மட்டம் வேறு, தேர்வு வேறு. விசாவுக்கென்று பிரிட்டன் அரசு தனியாகத் தேர்வுகளை அங்கீகரித்து வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் பி2 ஃபர்ஸ்ட் இல்லை, பிரிட்டன் விசாத் துறையான யூ.கே.வி.ஐ.க்கான ஐ.இ.எல்.டி.எஸ். இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்வதும் உண்டு. ஆகவே சேரப் போகும் இடத்துக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டு, எதை ஏற்பீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு வருடம்தான் ஏற்பார்கள், சீக்கிரமே எழுதிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

கேள்வி: தேர்வுக்குப் பத்தே நாள். இன்னும் 800 சொல் பாக்கி. என்ன செய்யட்டும்?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: அந்த 800-ஐ மறந்துவிடுங்கள். பழைய மாதிரித் தாள்களில் நீங்கள் தப்பு விட்ட கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, விடையை மறைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடுங்கள். அறைக்குள் போனபின் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள், மைனஸ் மார்க் கிடையாது. பகுதி 4-இல் 'ஹேவன்ட்' இரண்டு சொல்.